அச்சுச்சுற்றுப் பலகையை வீட்டிலே ஆக்கல்: டோனர் மாற்று முறையும் அதன் இரசாயன அடிப்படையும்

இலத்திரனியற் கருவியொன்றின் மூடியைத் திறந்து நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது, தட்டையான பலகையொன்றும் அதன்மீது கிளைத்தோடும் செப்புக் கோடுகளுமேயாம். தடையிகள், கொள்ளளவிகள், திரான்சிற்றர்கள், ஒருங்கிணைந்த சுற்றுகள் ஆகியவற்றைத் தாங்கி நிற்பதும், அவற்றை ஒன்றோடொன்று மின்வழியாக இணைப்பதும் ஆகிய இரு தொழில்களையும் இப்பலகை ஒருங்கே ஆற்றுகின்றது. இதனையே அச்சுச்சுற்றுப் பலகை என்பர். இதனை ஆக்குதற்குப் பெரிய ஆலையும் விலையுயர்ந்த பொறிகளும் வேண்டும் என்ற எண்ணம் எம்மாணவரிடையே பரவலாக உண்டு. அவ்வெண்ணம் முற்றிலும் சரியானதன்று. இலேசர் அச்சுப்பொறி, உடை மடிப்பெடுக்கும் மின்னழுத்தி, சிறிதளவு இரசாயனப் பொருள் ஆகிய மூன்றுமே ஒரு பலகைக்குப் போதுமானவை. டோனர் மாற்று முறை எனப்படும் இம்முறையின் படிகளையும், ஒவ்வொரு படிக்கும் அடிப்படையாய் அமைந்த பௌதிக, இரசாயன நியாயங்களையும், பலரும் கவனியாது விடும் எச்சக் கரைசலின் பிரச்சினையையும் இக்கட்டுரையில் நாம் ஆராய்வோம்.

தோற்றமும் வளர்ச்சியும்

தொடக்ககால வானொலிப் பெட்டிகளில் உறுப்புகள் யாவும் தனித்தனிக் கம்பிகளால் கையாலேயே இணைக்கப்பட்டன. இவ்வேலை மெதுவானது, பிழைகளுக்கு இடமளிப்பது. வியன்னாவிற் பிறந்து 1936 ஆம் ஆண்டில் இங்கிலாந்தை அடைந்த பொறியியலாளர் போல் ஐஸ்லர், காப்புப் பலகையொன்றின்மீது ஒட்டிய செப்புத் தகட்டிலிருந்து வேண்டாத பகுதியை அரித்து நீக்கி, எஞ்சிய கோடுகளையே கம்பிகளாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். 1943 இல் அவர் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் எறிகணைகளின் அண்மை வெடிப்பிகளில் அச்சுச்சுற்றுகளைப் பயன்படுத்தினர். போர் முடிந்தபின் இத்தொழினுட்பம் குடிசார் உற்பத்திக்கும் பரவிற்று.

நமது முறையின் மறுபாதி முற்றிலும் வேறொரு துறையிலிருந்து வந்தது. 1938 ஆம் ஆண்டு ஒற்றோபர் 22 ஆம் நாள் நியூயோர்க்கின் அஸ்ரோறியாப் பகுதியில் செஸ்டர் காள்சன் என்பார், நிலைமின்னால் தூளைக் கவர்ந்து உலர்ந்த நிலையிற் பிரதியெடுக்கும் முறையை முதன்முதலாகச் செய்து காட்டினார். ஒளிப்பிரதிப் பொறிக்கு வித்திட்ட நிகழ்ச்சி இதுவே. இத்தத்துவத்துடன் இலேசர்க் கதிரை இணைத்து இலேசர் அச்சுப்பொறியை ஆக்கியவர் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் காரி ஸ்ரார்க்வெதர். 1984 இற்குப் பின்னர் சிறு அலுவலகங்களுக்கும் கட்டுபடியாகும் இலேசர் அச்சுப்பொறிகள் சந்தைக்கு வந்தன. அலுவலகக் கடிதங்களுக்கென ஆக்கப்பட்ட இப்பொறி, செப்பைக் காக்கும் முகமூடியையும் அச்சிடவல்லது என்பதை இலத்திரனியல் ஆர்வலர் உணர்ந்தபோது டோனர் மாற்று முறை பிறந்தது.

டோனரின் இயல்பு

டோனர் என்பது மை அன்று. அது நுண்ணிய பிளாத்திக்குத் தூள். இசுத்தைரீன், அக்கிரிலேற்று இணைபல்பகுதியமோ பொலியெசுத்தரோ அதன் பெரும்பகுதியாகும். கருநிறந் தருவதற்குக் கரித்தூளும், சில வகைகளில் இரும்பொட்சைட்டும் கலக்கப்படும். துணிக்கையின் விட்டம் ஏறத்தாழ 5 முதல் 10 மைக்கிரோமீற்றர் வரையாகும். அச்சுப்பொறியினுள்ளே இத்தூள் நிலைமின்னாற் கடதாசியில் இடப்பட்டுப் பின்னர் ஏறத்தாழ 180 முதல் 200 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள உருளைகளுக்கிடையே உருகி ஒட்டுகின்றது.

இங்கு இரு பண்புகள் அவதானிக்கற்பாலன. முதலாவது, டோனர் வெப்பமிளக்கும் பிளாத்திக்கு ஆதலின், ஒருமுறை உருகி இறுகியதை மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். ஆகவே கடதாசியிலுள்ள கோட்டைச் செப்பின்மீது கவிழ்த்துச் சூடாக்கி அழுத்தினால் அது செப்பிலும் ஒட்டும். இரண்டாவது, அது நீரிலும் அரிக்கும் உப்புக் கரைசல்களிலும் கரையாது. ஆனால் அசற்றோனிற் கரையும். ஆகவே அரித்தலின்போது அது செப்பைக் காக்கும்; வேலை முடிந்தபின் எளிதில் நீங்கும். மைதெளிக்கும் அச்சுப்பொறியின் மையோ பெரும்பாலும் நீரிற் கரைந்த சாயம் ஆகும். அதனிடம் இவ்விரு பண்புகளும் இல்லாமையால் அது இம்முறைக்கு உதவாது. ஒளிப்பிரதிப் பொறி டோனரையே பயன்படுத்துவதால், அச்சுப்பொறி இல்லாதார் நல்ல ஒளிப்பிரதியைக் கொண்டும் இதனைச் செய்யலாம்.

பலகையும் வரைபடமும்

கடைகளிற் கிடைக்கும் செப்புப் பலகைகள் இருவகைப்படும். பினோலிக்குப் பிசினாற் பிணைத்த கடதாசிப் பலகை ஒன்று. கண்ணாடியிழையும் எப்பொட்சிப் பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்.-4 எனும் பலகை மற்றொன்று. முன்னையது மலிவானது, துளையிட எளிது. ஆயினும் மிகு வெப்பத்திற் கொப்புளிக்கும். பின்னையது உறுதியானது. அதன் வழமையான தடிப்பு 1.6 மில்லிமீற்றர். செப்புப் படையின் தடிப்பு பெரும்பாலும் 35 மைக்கிரோமீற்றர் ஆகும். ஒரு சதுர அடிப் பரப்பில் ஓர் அவுன்சு செப்பைப் பரப்பினால் வரும் தடிப்பு இதுவே.

இத்தடிப்பிலிருந்து சில கணக்குகளைச் செய்து பார்த்தல் பயனுடையது. 1 மில்லிமீற்றர் அகலமும் 10 சதமமீற்றர் நீளமும் உடைய செப்புக் கோட்டின் தடை ஏறத்தாழ 0.05 ஓம் ஆகும். ஒளிகாலும் இருவாயிக்கும் சிறு சமிக்ஞைகளுக்கும் இத்தடை பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் 2 அம்பியர் மின்னோட்டம் செல்லும் வழங்கற் கோட்டில் அது 0.1 உவோற்று வீழ்ச்சியை உண்டாக்கும். ஆகவே மின்வழங்கற் கோடுகளையும் புவிக் கோடுகளையும் இடங்கிடைத்தவரை அகலமாக வரைதல் வேண்டும்.

கோட்டின் மிகக் குறைந்த அகலத்தை நிருணயிப்பது அரித்தலின் இயல்பாகும். அரிக்கும் கரைசல் கீழ்நோக்கி மட்டும் செல்வதில்லை. பக்கவாட்டிலும் ஏறத்தாழ அதே அளவு செல்லும். 35 மைக்கிரோமீற்றர் ஆழம் அரிபடும்போது கோட்டின் இருமருங்கிலும் அவ்வளவு குறையக்கூடும். எனவே 0.3 மில்லிமீற்றர் அகலத்தில் வரைந்த கோடு 0.23 மில்லிமீற்றராகச் சுருங்கலாம். தொடக்க நிலையில் உள்ளோர் 0.4 மில்லிமீற்றருக்குக் குறையாது வரைதல் நன்று, கைதேர்ந்தோர் 0.3 மில்லிமீற்றரை நம்பலாம். வழமையான ஒருங்கிணைந்த சுற்றின் ஊசிகளுக்கிடைத் தூரம் 2.54 மில்லிமீற்றர். ஊசித் திட்டுக்கு 1.5 மில்லிமீற்றரை ஒதுக்கினால் இடையே 1.04 மில்லிமீற்றர் எஞ்சும். அதனூடே 0.35 மில்லிமீற்றர்க் கோடொன்றைச் செலுத்தினால் இருபுறமும் ஏறத்தாழ அதேயளவு இடைவெளி கிடைக்கும். இம்முறையில் இரு ஊசிகளிடையே ஒரு கோட்டுக்கே இடமுண்டு என்பது இதனாற் பெறப்படும்.

வரைபடத்தை நேராக அச்சிடுவதா, கண்ணாடி விம்பமாக அச்சிடுவதா என்பது தொடக்கத்தில் எல்லோரையும் மயக்கும் வினா. இதற்கு எளிய விதியொன்று உண்டு. செப்பில் நேராக வாசிக்கப்படவேண்டிய எழுத்துகள் சிலவற்றை வரைபடத்திற் சேர்க்க. கடதாசியில் அவ்வெழுத்துகள் தலைமாறித் தோன்றினால் அச்சுச் சரியானது; நேராகத் தோன்றினால் பிழையானது. கவிழ்த்து ஒட்டும்போது எல்லாம் இடம்வலம் மாறும் என்பதே இதன் காரணம்.

கடதாசியின் தெரிவு

நல்ல மாற்றக் கடதாசிக்கு முரணான இரு பண்புகள் வேண்டும்: அச்சுப்பொறியில் டோனரைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும், செப்பின்மீது அதனை விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பளபளப்பான சஞ்சிகைத் தாள் இதற்குப் பொருந்துகின்றது. அத்தாளின்மேல் கயோலின் களிமண்ணும் மாப்பொருள் போன்ற பிணைபொருளும் சேர்ந்த மெல்லிய பூச்சுண்டு. டோனர் இப்பூச்சின்மீதே படிகின்றது. தாளின் நார்களைத் தொடுவதில்லை. நீரில் ஊறவைக்கும்போது பூச்சு இளகித் தாள் பிரிய, டோனர் செப்பிலேயே தங்கிவிடும். சாதாரண எழுதுதாளில் டோனர் நார்களுக்கிடையே புகுந்து விடுவதால் உரிக்கும்போது கோடுகள் கிழியும். சஞ்சிகையில் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும் வண்ணப் படங்கள் தீங்கு செய்வதில்லை. அவ்வச்சு மை டோனரைப்போல உருகி மாறுவதில்லை. மிக மெல்லிய தாள் அச்சுப்பொறியிற் சிக்கக்கூடும் என்பதை மட்டும் கவனித்தல் வேண்டும். அச்சுப்பொறியின் டோனர்ச் சிக்கன அமைப்பை நீக்கி, மிகக் கருமையாக அச்சிடல் அவசியம்.

செப்புப் பரப்பின் தூய்மை

இம்முறையில் நேரும் தோல்விகளிற் பெரும்பாலானவை செப்பின் அழுக்கினால் வருவன. செப்பு காற்றில் ஒட்சைட்டுப் படையைப் பெறுகின்றது. விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை படிகின்றது. இரண்டும் டோனரின் ஒட்டற்பண்பைக் குலைப்பன. மிக நுண்ணிய உருக்குக் கம்பளியால் அல்லது பாத்திரந் தேய்க்கும் பச்சைத் தகட்டினால் பரப்பு முழுவதையும் வட்டமாகத் தேய்த்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈற்றில் அசற்றோனால் துடைத்தல் வேண்டும். தேய்த்தலால் உண்டாகும் நுண்கீறல்களும் டோனருக்குப் பிடிமானந் தருவனவே.

தூய்மையைச் சோதித்தற்கு ஆய்வுகூடக் கருவி வேண்டியதில்லை. பலகையை நீரில் தோய்த்துச் செங்குத்தாகப் பிடிக்க. நீர் தொடர்ச்சியான படலமாகப் பரப்பு முழுவதிலும் நின்றால் அது தூயது. எங்கேனும் நீர் விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய்ப் பசை உண்டு. மீண்டும் தேய்த்தல் வேண்டும். இதன்பின் செப்பின் முகத்தை விரலால் தொடுதலாகாது.

வெப்பமும் அமுக்கமும்

செப்பு வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். மின்னழுத்தியை ஓரிடத்தில் வைத்தால் வெப்பம் செப்பின்வழி நாற்புறமும் பரவிவிடுவதால் டோனர் உடனடியாக உருகுவதில்லை. ஆதலின் முதலில் வெறும் பலகையை ஒரு நிமிடமளவு சூடாக்கிய பின்னரே தாளைக் கவிழ்த்தல் வேண்டும். மின்னழுத்தி நீராவி வகையினதாயின் நீரை முற்றாக அகற்றுக. நீராவித் துளைகளின் கீழ் அமுக்கம் குறைந்து வெற்றிடங்கள் தோன்றுவதால் இடத்தை மாற்றி மாற்றி அழுத்துதல் வேண்டும். பருத்தித் துணிக்குரிய வெப்பநிலையில், 3 முதல் 5 நிமிடம் வரை, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரு சீராக அழுத்தலே முறை. அழுத்தியைத் தேய்த்து இழுத்தல் கூடாது. இளகிய டோனர் பக்கவாட்டில் நகர்ந்து கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெப்பம் குறைந்தால் டோனர் தாளிலேயே தங்கும். மிகுந்தால் அது பரந்து கோடு தடிக்கும். இரு குறைகளையும் நோக்கித் தத்தம் கருவிக்குரிய அளவைக் காணல் வேண்டும். தாள்களைப் பிளாத்திக்கு உறையிடும் உருளைப்பொறி இருப்பின், பலகையை அதனூடே பலமுறை செலுத்துதல் இன்னும் சீரான பயனைத் தரும்.

அழுத்திய பலகையைத் தானாகவே ஆறவிட்டு, சவர்க்காரங் கலந்த இளஞ்சூட்டு நீரில் 15 நிமிடம் வரை ஊறவிடுக. தாளை இழுத்து உரிக்காது பெருவிரலால் உருட்டி உருட்டி நீக்குக. துளைகளுக்குரிய நடுப்புள்ளிகளில் எஞ்சிய நார்களைப் பழைய பற்றூரிகையால் அகற்றலாம். பின் பலகையை உலர்த்தி உருப்பெருக்குங் கண்ணாடியால் ஆராய்ந்து, அறுந்த கோடுகளை அழியாமைப் பேனாவினால் இணைத்தும், கலந்த கோடுகளைக் கூர்ங்கத்தியாற் சுரண்டியும் திருத்துக. இந்நிலையிற் செலவிடும் ஐந்து நிமிடம் பின்னர் வீணாகும் ஒரு மணித்தியாலத்தைக் காக்கும்.

அரித்தல்

அரித்தலுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது பெரிக்குக் குளோரைட்டு. இதிலுள்ள மூவலுவுள்ள இரும்பு அயன்கள் செப்பிலிருந்து இலத்திரன்களைப் பெற்று ஈரலுவுள்ள அயன்களாகத் தாழ்த்தப்படுகின்றன. செப்பு ஒட்சியேற்றப்பட்டுச் செப்பு அயனாகக் கரைகின்றது. ஒரு செப்பணுவைக் கரைப்பதற்கு இரண்டு இரும்பு அயன்கள் வேண்டும். 10 சதமமீற்றர்ச் சதுரப் பலகையொன்றின் செப்பு ஏறத்தாழ 3.1 கிராம் நிறையுடையது. அது முழுவதையும் கரைப்பதற்கு ஆறு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட பெரிக்குக் குளோரைட்டுப் பளிங்கு ஏறத்தாழ 26 கிராம் தேவை. ஓர் இலீற்றர் கரைசலில் இவ்வுப்பு 500 கிராம் இருப்பின் கொள்கையளவில் 59 கிராம் செப்பு கரையும். ஆயினும் ஏறத்தாழப் பாதியளவைக் கடந்ததும் வேகம் மிகக் குறைந்துவிடும்.

கரைசலை ஆக்கும்போது நீரிலேயே உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். கரையும்போது வெப்பம் வெளிவிடப்படுவதோடு, நீர்ப்பகுப்பினால் ஐதரோக்குளோரிக்கமிலமும் உண்டாகும். 40 முதல் 50 பாகை வெப்பநிலையில் அரித்தல் 10 முதல் 20 நிமிடத்தில் முடியும். கரைசல் உள்ள பிளாத்திக்குத் தட்டை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து இவ்வெப்பநிலையைப் பேணலாம். பலகையைச் செப்பு முகம் கீழ்நோக்கியிருக்கக் கரைசலின் மேற்பரப்பில் மிதக்கவிடுதல் நல்ல உபாயம். செப்பைக் கரைத்த கரைசல் அடர்த்தி மிகுந்து தானே கீழிறங்க, புதுக்கரைசல் அவ்விடத்தை அடையும். மேல்நோக்கிக் கிடத்தினால் பயனிழந்த கரைசலும் கசடும் செப்பின்மீதே தங்கும். முகத்தின் கீழே காற்றுக்குமிழ் சிக்காது பார்த்தல் வேண்டும்.

சோடியம் பேர்சல்பேற்று மற்றொரு பொருள். அதன் கரைசல் தெளிவானது. செப்பு கரையக் கரைய நீலமாகும். அரித்தலின் போக்கைக் கண்ணாற் காணலாம். ஐதரோக்குளோரிக்கமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்த கலவை விரைவானதும் மலிவானதும் ஆயினும், செறிவு மிகுந்தால் குளோரின் வாயுவை வெளிவிடும். ஒட்சிசன் வெளிவருவதால் மூடிய போத்தலை வெடிக்கச் செய்யும். வீட்டினுள் செய்வார்க்கும் மாணவர்க்கும் அதனை நாம் பரிந்துரைப்பதில்லை. எக்கரைசலாயினும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிதல், காற்றோட்டமுள்ள இடத்திற் செய்தல், உணவுப் பாத்திரங்களைப் பயன்படுத்தாமை, உலோகத் தட்டுகளைத் தவிர்த்தல் ஆகியன கட்டாயமானவை.

அரித்து முடிந்த பலகையை முதலில் ஒரு பாத்திர நீரிற் கழுவி, டோனரை அசற்றோனால் நீக்கி, 0.8 அல்லது 1 மில்லிமீற்றர்த் துளைகளை இடுக. கண்ணாடியிழைத் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது ஆதலின் மூக்கையும் வாயையும் மறைத்தே துளையிடுதல் வேண்டும். ஈற்றில் பற்றாசை மெல்லிய படையாகப் பூசினால் செப்பு ஒட்சியேறாது காக்கப்படும்.

எச்சக் கரைசல்

பயன்படுத்திய கரைசலை என்செய்வது என்ற வினாவுக்குப் பலர் விடை தேடுவதில்லை. கொல்லையில் ஊற்றிவிட்டு மறந்துவிடுகின்றனர். இதன் விளைவைக் கணக்கிட்டுக் காட்டுதல் எமது கடமை. குடிநீரிற் செப்பு ஓர் இலீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பாதிச் செப்பு அரிக்கப்பட்ட 20 பலகைகளின்பின் ஓர் இலீற்றர் கரைசலில் ஏறத்தாழ 30 கிராம் செப்பு இருக்கும். இது 15,000 இலீற்றர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. 2.5 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீராழமும் உடைய கிணறொன்று கொள்ளும் நீரின் அளவும் ஏறத்தாழ இதுவே. மீன்களுக்கும் பிற நீர்வாழ் உயிர்களுக்கும் இதனிலும் மிகக் குறைந்த செறிவே நஞ்சாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோர் இதனைச் சிறப்பாகக் கருதல் வேண்டும். அங்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. குடிநீரும் தோட்டநீரும் சுண்ணக்கற் பாறையில் தேங்கிய நிலத்தடி நீரிலேயே தங்கியுள்ளன. சுண்ணக்கல் அமிலத்தை நடுநிலையாக்கிச் செப்பின் ஒரு பகுதியைக் காபனேற்றாகப் படியச் செய்யும் என்பது உண்மையே. ஆயினும் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த அப்பாறையில், ஊற்றிய நீர் மண்ணில் வடிகட்டப்படாமலே கிணற்றை அடைய வழியுண்டு. ஒருவரின் கொல்லை மற்றொருவரின் கிணற்றுக்கு மேற்புறமாகும்.

இதற்கு மாற்று கடினமானதன்று. பயனிழந்த கரைசலைப் பெரிய பிளாத்திக்கு வாளியிலிட்டுச் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்க. காபனீரொட்சைட்டு நுரைத்தெழும், ஆகவே வாளியில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. நுரைத்தல் நின்று பி.எச். பெறுமானம் 8 ஐ அடையும்போது இரும்பும் செப்பும் கரையாத ஐதரொட்சைட்டுகளாகவும் காபனேற்றுகளாகவும் படியும். ஓரிரு நாள் அடையவிட்டு, தெளிந்த நீரை வடித்து, சேற்றை வெயிலில் உலர்த்தி மூடிய கலத்திற் சேமித்து, இரசாயனக் கழிவைப் பொறுப்பேற்கும் ஆய்வுகூடத்திடம் ஒப்படைத்தல் நன்று. மாறாக, உருக்குக் கம்பளியைக் கரைசலில் இட்டால் முதலில் எஞ்சிய மூவலு இரும்பு தாழ்த்தப்பட, பின்னர் செப்பு செந்நிறத் தூளாக வெளியேறும். அதன்பின் சோடாவைச் சேர்க்கலாம். அலுமினியத்தை மட்டும் இடலாகாது. தாக்கம் கொதித்தெழுந்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். அமோனியம் பேர்சல்பேற்றைப் பயன்படுத்தினால், காரமாக்கும்போது தோன்றும் அமோனியா செப்புடன் சிக்கற்சேர்வையாகிக் கருநீலக் கரைசலாகவே அதனை வைத்திருக்கும். படிவு முழுமை பெறாது. சோடியம் உப்பை விரும்புதற்கு இதுவே காரணம்.

முடிவுரை

இன்று வரைபடத்தை அனுப்பினால் வெளிநாட்டு ஆலைகள் குறைந்த விலையிற் பலகைகளை ஆக்கி அனுப்புகின்றன. பல படைகள் கொண்டனவும் நுண்கோடுகள் கொண்டனவுமாகிய பலகைகளுக்கு அவ்வழியே ஏற்றது. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி, கடல்கடந்து வரும் பொருளில் மட்டும் தங்கியிருப்போரின் நிலையை எமக்கு உணர்த்திற்று. காலையில் தோன்றிய எண்ணத்தை மாலையில் இயங்கும் சுற்றாக்கிப் பார்க்கும் வாய்ப்பும், நிலைமின்னியல், பல்பகுதிய இரசாயனவியல், ஒட்சியேற்றம், தாழ்த்தல் ஆகிய பாடங்களைக் கையினாற் கற்கும் வாய்ப்பும் இம்முறைக்கே உரியன. எமது பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் இதனை மேற்கொள்ளல் வேண்டும். மேற்கொள்ளும் ஒவ்வொரு மன்றமும் அரிக்கும் தட்டை வாங்குமுன் எச்சத்துக்கான வாளியை வாங்கி வைத்தல் வேண்டும். சுற்று இயங்கும் நாளன்றி, அந்த வாளி தெளியும் நாளே செய்முறை முடிவுறும் நாளாகும்.